கொள்ளிடத்தில் வந்து இறங்கும் புது வாத்துகள்
(வானொலி உரை)

போன மார்கழியில் ஒரு நாள் காலை, கொள்ளிடத்தின் வடகரைக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் என் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பிடி நெற்பயிர். அதை மேஜை மேல் போட்டுவிட்டு, "சார், ஆத்துல ஏதோ வெளிநாட்டு வாத்து கூட்டங்கூட்டமா வந்து இறங்கியிருக்கு. ராத்திரியோட ராத்திரியா வயலை மேஞ்சு தள்ளிட்டுது. பாருங்க, பால் பிடிக்கிற பயிரு" என்றார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "பழைய நெல்லுல குருணை மருந்தைக் கலந்து வரப்போரமா வச்சுடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்யலாமேன்னு வந்தேன்" என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயா, நாளைக்கு விடியக்காலையில நானே வர்றேன். அதுவரைக்கும் ஒண்ணும் செய்யாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். நல்ல வேளை, அவர் கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று வந்தார். கேட்காமல் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே போய்விட்டேன். ஆற்றுப் படுகையை ஒட்டிய பள்ள வயல். வயலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் சம்பைப் புதர் ஆள் உயரம் மண்டிக் கிடக்கிறது. புதரை ஒட்டிய ஓரத்தில்தான் சேதம், நடு வயலில் ஒன்றும் இல்லை. பயிரைக் குனிந்து பார்த்தேன். தண்டு அடியில் கடித்து இழுக்கப்பட்டிருக்கிறது. அடித்தண்டின் வெள்ளையான இளம்பகுதியை மட்டும் மென்று தின்றுவிட்டு, மிச்சத்தை அப்படி அப்படியே போட்டிருக்கிறது. சேற்றில் கால் தடம் இருக்கிறது. முன்னால் மூன்று விரல், பின்னால் ஒரு விரல், ஒவ்வொன்றும் நீள நீளமாக, தனித் தனியாக.

பெரியவரிடம் கேட்டேன்: "உங்க வீட்டு வாத்துக் கால் எப்படி இருக்கும்?" அவர் உடனே, "விரலுக்கு நடுவுல ஜவ்வு இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவரே தடத்தைக் குனிந்து பார்த்தார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சம்பைக்குள்ளிருந்து குற்றவாளியே வெளியே வந்தது. கோழி அளவு, உடம்பெல்லாம் ஊதா கலந்த நீலம், அலகும் நெற்றியும் காலும் சிவப்பு, நடக்கும்போது வாலைத் தூக்கித் தூக்கி அடியில் இருக்கிற வெள்ளையைக் காட்டுகிறது. நீலத் தாழைக்கோழி. ஒரு பயிரைக் கடித்து இழுத்து, நாம் கரும்பைப் பிடித்துத் தின்பதுபோல ஒரு காலால் தூக்கிப் பிடித்துக் கொண்டு தின்றது. அது வெளிநாட்டுப் பறவையும் அல்ல, வாத்தும் அல்ல. வருஷம் பூரா நம்மோடு இருக்கிற உள்ளூர்க்காரன்தான்.

அப்படியானால் ஆற்றில் இறங்கியிருக்கிற கூட்டம் எது? அதையும் பார்த்துவிடுவோம் என்று இரண்டு பேரும் கரைக்குப் போனோம். அங்கே பார்த்ததையும், இந்தப் பகுதியில் பல வருஷமாக நான் பார்த்து வருவதையும் வைத்துத்தான் இன்று பேசுகிறேன். பயிரை மேய்ந்தது எது என்று தெரியாமல் மருந்தடிப்பது, எந்தப் பூச்சி என்று தெரியாமல் மருந்தடிப்பது மாதிரிதானே?

முதலில், எப்படிப் பார்ப்பது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காட்டு வாத்துக்குக் கண் கூர்மை. நாம் வெள்ளை வேட்டியும் வெள்ளைத் துண்டுமாகக் கரை மேல் நிமிர்ந்து நடந்தால், நாம் அதைப் பார்ப்பதற்கு முன்னால் அது நம்மைப் பார்த்துப் பறந்துவிடும். காலையில் சூரியன் நமக்கு முதுகுப் பக்கம் இருக்கும்படி, கரைச் சரிவிலேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிடுங்கள். கால் மணி நேரம் அசையாமல் இருந்தால் தானாகவே நம் பக்கம் நீந்தி வரும். பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் பரவாயில்லை. செல்போனில் படம் எடுத்தால் தூரத்தில் வெறும் புள்ளியாகத்தான் விழும். அதைவிட ஒரு காகிதத்தில், அலகு எப்படி, தலை என்ன நிறம், பறக்கும்போது இறக்கையில் என்ன தெரிந்தது, என்ன சத்தம் போட்டது என்று எழுதி வைத்துக்கொள்வது உதவும்.

அளவுக்கு நம் வீட்டு வாத்தையே படியாக வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பெரிதா, சமமா, பாதியா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று. பல வாத்துகளில் ஆணும் பெண்ணும் ஒன்றுபோல இருக்காது. வடக்கேயிருந்து வருகிற வாத்துகளில் பெட்டை எல்லாமே பழுப்பு நிறத்தில் செதில் செதிலாக இருக்கும். ஒரு ஜாதிப் பெட்டைக்கும் இன்னொரு ஜாதிப் பெட்டைக்கும் வித்தியாசம் காண்பது பழகியவர்களுக்கே சிரமம். அதனால் ஆணைத் தேடிப் பாருங்கள். அதிலும் ஒரு சங்கடம். ஐப்பசியில் வந்து இறங்குகிறபோது ஆணும் பெட்டை மாதிரியேதான் இருக்கும். இனப்பெருக்கம் முடிந்ததும் பழைய இறகை உதிர்த்துவிட்டு மங்கலான இறகோடு வருகிறது. மார்கழி, தை என்று போகப்போகத்தான் பளபளப்பான இறகு முளைத்து ஆளை அடையாளம் காட்டும். ஆகையால் ஐப்பசியில் பார்த்துவிட்டு ஒன்றும் புரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தை மாதம் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள்.

அன்றைக்கு மணல் திட்டை ஒட்டி மிதந்த கூட்டத்தில் முக்கால்வாசி நீலச்சிறகி. நம் பக்கம் குளிர்காலத்தில் அதிகமாக வருகிறது இதுதான். வீட்டு வாத்தில் பாதி அளவு இருக்கும். ஆணுக்குத் தலை செம்பழுப்பு, கண்ணுக்கு மேலே பிறை மாதிரி அகலமான வெள்ளைக் கோடு கழுத்து வரைக்கும் இறங்கும். இது ஒன்று போதும், வேறு எதுவும் பார்க்க வேண்டாம். ஆனால் இந்த ஜாதி ஆண் மற்றவற்றைவிடத் தாமதமாகத்தான் நிறம் மாறும். அதனால் மார்கழியில்கூடப் பழுப்பாகவே தெரியலாம். அப்போது பறக்கும்வரை பொறுத்திருங்கள். இறக்கையின் முன்பகுதி நீலம் கலந்த சாம்பல் நிறமாகத் தெரியும். பேரே அதனால்தான்.

இதோடு கலந்து கிளுவை என்று இன்னொரு சின்ன வாத்து வரும். அளவு கிட்டத்தட்ட அதே. தலை செம்பழுப்பாக இருந்தாலும் கண்ணைச் சுற்றிப் பச்சைப் பட்டை ஓடும். வாலுக்கடியில் இரு பக்கமும் மஞ்சள் திட்டு இருக்கும். இந்த இரண்டையும் ஒன்று என்று நினைப்பவர்கள் அதிகம்.

ஊசிவால் வாத்தை யாரும் தவறவிட முடியாது. ஒல்லியான நீளக் கழுத்து, காப்பிக்கொட்டை நிறத்தில் தலை, கழுத்தின் பக்கவாட்டில் மார்பிலிருந்து மேலே ஏறுகிற வெள்ளைக் கோடு, பின்னால் ஊசி மாதிரி நீண்ட வால். தண்ணீரில் தலைகீழாகக் கவிழ்ந்து அடியில் இருப்பதைத் தேடும்போது வால் மட்டும் மேலே நிற்கும். பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

நான்காவதாக இருந்தது தட்டைவாயன். ஆண்டி வாத்து என்றும் சொல்வார்கள். அலகு கரண்டி மாதிரி நுனியில் அகன்றிருக்கும். ஆணுக்குத் தலை கரும்பச்சை, மார்பு வெள்ளை, வயிற்றின் பக்கம் செங்கல் நிறம். தலையைத் தண்ணீரோடு தண்ணீராக வைத்துக்கொண்டே நீந்தும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசை இருக்கிறது. தண்ணீரை உள்ளே இழுத்து ஓரத்தால் வெளியே விட்டு, அதில் இருக்கிற சின்னச் சின்ன பூச்சி, விதை எல்லாவற்றையும் சலித்து எடுத்துக்கொள்ளும். நம் வீட்டுச் சல்லடை மாதிரி. இப்படிச் சலிக்கிற அலகை வைத்துக்கொண்டு அது உங்கள் நெல் தண்டைக் கடித்து இழுக்க முடியுமா, நீங்களே யோசித்துப் பாருங்கள். பெரியவரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார்.

இந்த நாலு ஜாதியும் சைபீரியா, மத்திய ஆசியா போன்ற வட நாடுகளிலிருந்து வருகிறவை. அங்கே குளம் குட்டையெல்லாம் உறைந்து இரை கிடைக்காமல் போகிறபோது புறப்பட்டு, ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் வந்து பங்குனிக்குள் திரும்பிவிடும். பகலில் பெரும்பாலும் நடு ஆற்றிலோ ஏரி நடுவிலோ கூட்டமாக மிதந்து தூங்கும். பொழுது சாய்ந்ததும் தண்ணீர் நிற்கிற வயல்களுக்குப் பறந்து போய் மேய்ந்துவிட்டு விடியுமுன் திரும்பும். அதனால்தான் காலையில் ஆற்றில் பார்க்கிறவர்கள், ராத்திரி நடந்ததற்கெல்லாம் இதுவே காரணம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

எப்போதாவது வீட்டு வாத்தைவிட நன்றாகப் பெரிய ஒன்று, சாம்பல் நிறத்தில், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டையோடு, மஞ்சள் காலில் கரைப் புல்லில் நடந்து மேய்வதைப் பார்த்தால், அது வரித்தலை வாத்து. பட்டைத்தலை வாத்து என்றும் பேர் உண்டு. இது திபெத், மங்கோலியா பகுதிகளில் குஞ்சு பொரித்துவிட்டு இமயமலையைத் தாண்டி வருகிறது. 7,000 மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய 23,000 அடி உயரத்தில் இது பறந்ததைக் கருவி கட்டி அளந்திருக்கிறார்கள். அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரிக்கும், திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்துக்கும் வருகிறது. கரைவெட்டி தெரியும் அல்லவா? மேட்டூர்த் தண்ணீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக வந்து நிரம்புகிற ஏரி. 1999-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024-ல் உலக முக்கியத்துவம் உள்ள நீர்நிலைகளான ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. அந்தத் தண்ணீரில்தான் சுற்றுவட்டார நெல்லும் விளைகிறது.

இனி உள்ளூர் வாத்துகள். இவற்றையும் பலர் வெளிநாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புள்ளிமூக்கு வாத்து வீட்டு வாத்து அளவு. கறுத்த அலகு, அதன் நுனி மட்டும் மஞ்சளில் தோய்த்த மாதிரி இருக்கும். அலகு தொடங்குகிற இடத்தில் இரண்டு பக்கமும் சிவப்புப் புள்ளி. சத்தமும் வீட்டு வாத்துச் சத்தமேதான். இது கார்த்திகை, மார்கழி வாக்கில் தண்ணீர் ஓரத்துப் புல்லுக்குள் தரையிலேயே முட்டை வைக்கும். வரப்புப் புல் அறுக்கிறபோது ஏழெட்டு முட்டையோடு கூடு கண்ணில் பட்டால், அந்த இரண்டு முழப் புல்லை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அறுத்துக்கொள்ளுங்கள். நாலு வாரத்தில் குஞ்சு பொரித்துக் கூட்டிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விடும்.

சீழ்க்கைச் சிரவி என்பது செம்பழுப்பு நிறம். பறக்கும்போது தொடர்ந்து சீட்டி அடித்துக்கொண்டே போகும். ராத்திரி வீட்டு மேலே சீட்டிச் சத்தம் கேட்டுச் சின்னப் பிள்ளைகள் பயந்துகொள்கிற ஊர்களும் உண்டு. இது மரத்தில் உட்காரும், மரப் பொந்திலும் முட்டை வைக்கும். வாத்து மரத்தில் உட்காருமா என்று கேட்காதீர்கள், இது உட்காரும். இன்னொன்று குள்ளத்தாரா. வாத்து ஜாதியிலேயே மிகச் சிறியவற்றில் ஒன்று. புறாவைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆண் வெள்ளையும் கரும்பச்சையுமாக, அல்லிக் குளத்தில் இலைகளுக்கு நடுவே மிதக்கும். இதுவும் மரப் பொந்துக்காரன். குளத்தங்கரையில் நிற்கிற பழைய பொந்து மரத்தை விறகுக்கு வெட்டிவிட்டால் இந்த இரண்டுக்கும் வீடு போச்சு.

வாத்து என்று ஏமாறுகிற வேறு பறவைகளும் உண்டு. முழுக் கறுப்பு, நெற்றியிலும் அலகிலும் வெள்ளை என்றால் அது நாமக்கோழி. தண்ணீர் மேல் ஓடி ஓடித்தான் மேலே கிளம்பும். கண் முன்னால் இருந்தது சட்டென்று முங்கி வேறொரு இடத்தில் எழுந்தால் அது முக்குளிப்பான். உடம்பு முழுக்கத் தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, பிறகு கல்லில் ஏறி இறக்கையை விரித்துக் காயவைக்கிறதா? நீர்க்காகம்.

சரி, வாத்தால் பயிருக்குச் சேதமே கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாது என்று சொன்னால் அது பொய். சிரவியும் புள்ளிமூக்கும் நெல் தின்னும். நாற்று விடாமல் சேற்றில் நேரடியாக முளைவிதை தெளித்த வயலில் தண்ணீர் நின்றால், ராத்திரி இறங்கி விதையைப் பொறுக்கிவிடும். பால் பிடிக்கிற பயிரில் கூட்டமாக இறங்கினால் மிதித்துச் சாய்ப்பதும் உண்டு. ஆனால் சேதத்தின் அடையாளம் வேறு. பயிர் நடு வயலில், தண்ணீர் தேங்கின பள்ளத்தில் வட்டமாகச் சாய்ந்து கிடக்கும். சேற்றில் ஜவ்வுக் கால் தடமும் இறகும் எச்சமும் இருக்கும். அடித்தண்டு கடிபட்டிருக்காது.

இதற்கு வழி, விதைத்த வயலில் முதல் சில நாள் தண்ணீரை நன்றாக வடித்துவிட்டு ஈரத்தை மட்டும் காப்பது. முளைப்புக்கும் அதுதான் நல்லது. தண்ணீர் மினுமினுக்காத வயலில் வாத்துக்கு அவ்வளவு நாட்டம் இருக்காது. மினுங்குகிற நாடாவைக் குறுக்கும் நெடுக்கும் கட்டலாம், தகரம் தட்டலாம், விளக்கு வைக்கலாம். எதைச் செய்தாலும் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு தரம் இடத்தை மாற்றுங்கள். ஒரே இடத்தில் ஒரே பொம்மை நின்றால் நாலாம் நாள் அதன் நிழலிலேயே உட்கார்ந்து மேயும். நீலத் தாழைக்கோழிக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அது புதரை விட்டுத் தூரம் போகப் பயப்படும். அதனால் வயலை ஒட்டி நாலைந்து கஜம் சம்பையையும் கோரையையும் அறுத்து வெளியாக வைத்திருந்தாலே பாதிச் சேதம் குறையும். பெரியவர் அதைத்தான் செய்தார்.

இனி அந்த இன்னொரு கதை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நான் வேறொரு வட்டாரத்தில் வேலை பார்த்தபோது, ஒருவர் பறவைக்கு என்று விஷ நெல்லை வரப்பில் வைத்துவிட்டார். மறுநாள் பக்கத்து அறுப்பு வயலுக்கு, வெளியூரிலிருந்து வாத்து மேய்க்கிறவர் ஒருவர் தன் மந்தையை ஓட்டி வந்தார். அவருக்கு எப்படித் தெரியும்? மத்தியானத்துக்குள் நாற்பதுக்கு மேல் சுருண்டு விழுந்தது. கடன் வாங்கி வளர்த்த குஞ்சுகள். அந்த மனிதர் கத்தவில்லை, சண்டைக்கும் போகவில்லை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி வரப்பில் வரிசையாக வைத்துக்கொண்டே இருந்தார். அதைவிட மோசம், செத்த வாத்துகளைக் கறிக்கு எடுத்துப் போக ஆள் வந்துவிட்டார்கள். நானும் வாய்க்கால் காவல்காரரும் நின்று, குழி வெட்டிப் புதைக்கிற வரைக்கும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அந்த விஷம் வேகவைத்தால் போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போகாது.

போரேட் குருணை 2020-ம் ஆண்டு முடிவோடு நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய பாக்கெட் எதுவும் பரணில் கிடந்தால் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டிவிடாதீர்கள், வேளாண்மை அலுவலகத்தில் சொல்லுங்கள். காட்டு வாத்தைக் கொல்வதும், கண்ணி வைப்பதும், முட்டை எடுப்பதும் 1972-ம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம், சிறைக்குப் போக வேண்டிவரும்.

வாத்து வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2014-ல் கேரளத்தில் ஆலப்புழை, கோட்டயம் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து ஆயிரக்கணக்கில் வாத்துகளை அழித்தார்கள். 2021 ஜனவரியிலும் அங்கே வந்தது. காட்டு வாத்துகளும் அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பதால், அவை கூட்டமாக இறங்குகிற மடுவில் உங்கள் மந்தையை விடாதீர்கள். ஓரிடத்தில் நாலைந்து பறவை செத்துக் கிடந்தால் கையால் தொடாமல், நாயையும் கிட்டே விடாமல், அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் கொடுங்கள்.

வலையில் சிக்கியோ, அடிபட்டோ கிடைக்கிற பறவையின் காலில் சில சமயம் சின்ன அலுமினிய வளையம் இருக்கும். அதில் எண்ணும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் பேரும் பொறித்திருக்கும். நம் கோடியக்கரையிலேயே பல வருஷமாக இப்படி வளையம் போட்டிருக்கிறார்கள். மங்கோலியாவில் கழுத்து வளையம் மாட்டின வரித்தலை வாத்துகளைத் தென்னிந்திய ஏரிகளில் பார்த்திருக்கிறார்கள். வளையத்தைக் கழற்றாமல், எண்ணையும் தேதியையும் இடத்தையும் குறித்து வனத்துறை அலுவலகத்தில் கொடுங்கள். உயிரோடு இருந்தால் எண்ணை எழுதிக்கொண்டு விட்டுவிடலாம்.

மாசி மாதம் அந்தப் பெரியவர் மறுபடியும் வந்தார். அறுப்பு முடிந்து உளுந்து நன்றாகப் பிடித்திருப்பதாகச் சொன்னார். மடித்த காகிதம் ஒன்றைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். பேரப்பிள்ளையின் கையெழுத்து. "நெத்தி வெண்ணெய் நிறம், தலை செவப்பு, அலகு சின்னது, நீலம், நுனி கறுப்பு. மூணு உருப்படி. இது அந்த நாலுல இல்லியே சார்?" என்று கேட்டார். இல்லைதான். அது நாமத்தலை வாத்து. அன்று நாங்கள் பார்க்கும்போது அது அங்கே இல்லை. நெற்றியில் நாமம் போட்ட மாதிரி இருப்பதால் அந்தப் பேர். அதுவும் வடக்கேயிருந்து வருகிறதுதான், பெரும்பாலும் புல்லும் பாசியும் மேயும். அடுத்த ஐப்பசிக்குப் பேரனுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.